குறைகுடம் கூத்தாடும்: பாம்பி பக்கெட், ஒரு மதிப்புரை

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்பது மனிதரைப் பற்றிச் சொன்ன பழமொழி. ஹெலிகாப்டரின் வயிற்றிலிருந்து தொங்கும் தீயணைப்பு வாளிக்கும் அது அப்படியே பொருந்தும். முந்நூறு, ஐந்நூறு, ஆயிரம் லிட்டர் தண்ணீரோடு போகும்போது வாளி சாதுவாகத் தொங்கிக்கொண்டு வரும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் அது ஆடும், சுற்றும், பின்னால் எழும்.

2017 பிப்ரவரி 14. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை ஒட்டிய போர்ட் ஹில்ஸ் குன்றுகளில் முந்தின நாள் பற்றிய தீ இன்னும் அடங்கவில்லை. ஏஎஸ்350 ஹெலிகாப்டரில் வாளி கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த விமானி ஸ்டீவ் ஆஸ்கின், சுகர்லோஃப் பகுதியில் விழுந்து இறந்தார். வயது 38. விமானியாவதற்கு முன் நியூசிலாந்து சிறப்புப் படையில் இருந்தவர். 2011இல் காபூல் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல் தாக்குதலில் காயம்பட்டவர், வீரப் பதக்கம் வாங்கியவர். போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையம் ஆராய்ந்து சொன்ன காரணம் இது: காலி வாளியின் தொங்குகயிறு பின்னால் எழுந்து வால் ரோட்டரில், அதாவது வாலில் சுழலும் சிறு விசிறியில், அடித்திருக்க வேண்டும்.

அந்த வாளி எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே பேச்சில்லை. கயிற்றில் தொங்கும் எல்லா வாளிக்கும் இயற்பியல் ஒன்றுதான். உலகத்தில் அதிகம் விற்கும் வாளியான பாம்பி பக்கெட்டை மதிப்பிடும்போது, "எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. காலியாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டாக வேண்டும். விளம்பரத் தாள்களில் முதல் கேள்விக்கு மட்டும் பெரிய எழுத்தில் பதில் இருக்கும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள எஸ்இஐ இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பது. வடிவமைத்தவர் டான் ஆர்னி. இதற்காகவே 2017இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது. இதற்கு முன்னிருந்த வாளிகள் கெட்டியான ஃபைபர் அல்லது உலோகத் தொட்டிகள். அவற்றை லாரியில் ஏற்றிப் போக வேண்டும், அல்லது வெளியே தொங்கவிட்டுப் பறக்க வேண்டும். ஆர்னியின் யோசனை எளிமையானது: வாளியைத் துணியில் செய்து, மடித்து, பையில் போட்டு ஹெலிகாப்டருக்குள்ளேயே வைத்துவிடலாம். தீ இருக்கும் இடத்துக்கு முழு வேகத்தில் போய் இறங்கி, வெளியே எடுத்துக் கொக்கியில் மாட்டினால் வேலை ஆரம்பம். காலி வாளியைத் தொங்கவிட்டு நெடுந்தூரம் பறக்கும் தேவையே இல்லை என்பது இந்த வடிவமைப்பின் பெரிய பாதுகாப்பு நன்மை. ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் இதை இடவசதி என்று மட்டுமே எண்ணுகிறார்கள். பக்கத்து முகாமுக்குப் போகும்போதுகூடச் சோம்பல்பட்டுக் கழற்றாமல் தொங்கவிட்டே போவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வாளி மடிவதற்காகக் கொடுத்த காசு அங்கே வீண்.

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு இம்பீரியல் கேலன், அடுத்த இரண்டு அமெரிக்க கேலன், இரண்டுமே பத்தால் பெருக்க வேண்டியவை. 1214 என்றால் 120 இம்பீரியல் கேலன், சுமார் 545 லிட்டர். 2732 என்றால் 270 இம்பீரியல் கேலன், 1,200 லிட்டருக்குச் சற்று மேல். எச்எல் வரிசையில் எண் நேரடியாக லிட்டர்: எச்எல்5000 ஐயாயிரம் லிட்டர். ஹெலிகாப்டர் தூக்கும் அதிகபட்சத்தைப் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான தவறு. கொக்கியின் அனுமதி எடை கடல் மட்டத்திலும் மலையிலும் ஒன்றே, ஆனால் இன்ஜினும் ரோட்டரும் அப்படி அல்ல. உயரம் கூடினால் காற்று மெலியும், வெயில் ஏறினால் இன்னும் மெலியும். தீ எரிவதோ உயரத்தில், உச்சி வெயிலில்.

இதற்குத்தான் வாளியின் விளிம்பை ஒட்டி ஒரு சுருக்குப்பட்டை இருக்கிறது. 90, 80, 70 சதவீதம் என்று குறியிட்ட வளையங்களில் மாட்டினால் வாளியின் வாய் சுருங்கும், கொள்ளளவு குறையும். எரிபொருள் முழுதாக இருக்கும் முதல் சுற்றுகளில் 70இல் மாட்டி, எரிபொருள் குறையக் குறைய 80, 90 என்று தளர்த்துவதே சரியான முறை. நடைமுறையில் பலர் 90இல் மாட்டியே தொடங்குகிறார்கள். கீழே இறங்கி வளையம் மாற்ற இரண்டு நிமிடம் பிடிக்கும், அந்த நேரம் மிச்சம் என்பது கணக்கு. பிறகு முதல் சுற்றில் வாளியைத் தண்ணீருக்கு மேலே எடுக்க முடியாமல் பாதியைத் திரும்பக் கொட்டுகிறார்கள்.

இயங்கும் விதத்தில் சிக்கல் எதுவும் இல்லை. மேலே கன்ட்ரோல் ஹெட் என்ற உலோகப் பெட்டி. அதிலிருந்து உலோகக் கயிறுகள் இறங்கி வாளியின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும். நடுவே ஒரு கயிறு வாளியின் உள்ளே போய், அடியில் இருக்கும் துணி வால்வை மேலே இழுத்து வைத்திருக்கும். விமானி பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் சொலினாய்டு (மின்காந்த விசை) பிடியை விடும். தண்ணீரின் எடையே வால்வை வெளியே தள்ளித் திறக்கும், கணத்தில் எல்லாம் கொட்டிவிடும். விளிம்பின் ஒரு பக்கம் எடைப்பை தைத்திருக்கிறார்கள். தண்ணீரில் இறக்கியதும் அந்தப் பக்கம் முதலில் முங்கி, வாளி சாய்ந்து, வாய் வழியாக நிரம்பும். கிணற்றில் வாளி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கயிற்றை ஒரு சொடுக்குச் சொடுக்கிக் குடத்தைக் கவிழ்ப்பார்களே, அதே வேலையை இங்கே எடைப்பை செய்கிறது.

மொள்ளும்போது மூன்று விஷயம். ஒன்று, காற்றுக்கு எதிர்முகமாக வந்து, நின்ற நிலையில் வாளியை இறக்க வேண்டும். முன்னோக்கி நகர்ந்துகொண்டே முக்கினால் வாளி நங்கூரமாகிவிடும், மூக்கு கீழே இழுபடும். இரண்டு, ஓடும் ஆற்றில் நீரோட்டத்தோடு வாளி போகும் பக்கம் ஹெலிகாப்டரும் நகர வேண்டும். மூன்று, நிரம்பியதும் நேர் மேலே எடுக்க வேண்டும். வாளி முழுதாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்து, எடை மொத்தமும் இன்ஜின்மேல் உட்கார்ந்த பிறகே முன்னோக்கி நகரலாம். தூக்க முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள். "கிளம்பினால் வேகத்தில் லிஃப்ட் கிடைத்துவிடும்" என்று கரையில் உள்ள மரங்களை நோக்கிப் போவது தற்கொலை.

கொட்டும்போது வேறு கதை. வால்வு திறந்ததும் ஐந்நூறு கிலோவோ ஆயிரம் கிலோவோ ஒரே நொடியில் போய்விடும், ஹெலிகாப்டர் மேலே துள்ளும். இன்ஜின் பவரை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நின்றபடி கொட்டினால் தண்ணீர் ஓரிடத்தில் விழும், ஆனால் ரோட்டர் காற்று தீயை ஊதிவிடும். வேகமாகப் போய்க்கொண்டே கொட்டினால் நீளமான ஈரக்கோடு கிடைக்கும், ஆழம் இருக்காது. மிக உயரத்திலிருந்து கொட்டினால் பாதி நீர் தூறலாகிக் காற்றோடு போகும். புல்தீக்குக் கோடு, கட்டைத்தீக்குக் குவியல் என்பது கைக்கணக்கு.

சாதாரண பாம்பி வால்வு திறந்தால் திறந்ததுதான், மூடாது. ஒரே கொட்டு. டொரென்டுலா வால்வு உள்ள மாடலில் கொஞ்சம் கொட்டி, மூடி, மறுபடி கொட்டலாம். அங்கங்கே புகைந்துகொண்டிருக்கும் சிறு இடங்களை அணைக்க அது அருமை. பவர்ஃபில் பம்ப் பொருத்தினால் முழங்காலளவுத் தண்ணீரிலும் நிரப்பலாம். இரண்டுமே விலை, எடை, மின்சாரத் தேவை மூன்றையும் கூட்டுபவை. பழுதாகும் பாகங்களையும் கூட்டுபவை. மொள்ள நல்ல ஆழமான நீர்நிலை பக்கத்தில் இருக்கும் பகுதியில் சாதாரண வால்வே போதும் என்பது எங்கள் கருத்து. எளிமைதான் இந்த வாளியின் பலம்.

இனி காலி வாளி. எடை குறைந்த மாடல்களில் காலி எடை, நிறைந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு. பெரிய மாடல்களில் அதைவிடக் குறைவு. ஆனால் துணி, விளிம்பு, கயிறு எல்லாம் காற்றில் பிடிக்கும் இழுவை அந்த விகிதத்தில் குறைவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. கணக்குக்காக 60 கிலோ வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) வேகத்தில் இழுவை 15 கிலோ என்றால் கயிறு செங்குத்திலிருந்து சுமார் 14 பாகை பின்னால் சாயும். 80 நாட்டில் இழுவை 60 கிலோ, சாய்வு 45 பாகை. அதே வாளியில் 545 லிட்டர் இருந்தால் அதே 80 நாட்டில் சாய்வு 6 பாகைகூட இல்லை. இது சீரான காற்றில். 70 நாட்டில் போகும்போது எதிரே 15 நாட் காற்று திடீரென்று அடித்தால் இழுவை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். மலைமுகட்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்குக்குள் சட்டென்று இறங்கினாலோ, கயிறு தளர்ந்து வாளி மிதக்கும். மிதக்கும் வாளி எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏஎஸ்350 போன்ற ஹெலிகாப்டரில் வெளியே சுமை தொங்கும்போது உச்சவரம்பு 80 நாட், அதாவது மணிக்குச் சுமார் 148 கி.மீ. இது நல்ல சுமைக்கும் சேர்த்துச் சொன்ன வரம்பு. அலைபாயும் காலி வாளியோடு அந்த 80ஐத் தொட்டாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வாளி ஆடத் தொடங்குவதற்கு முந்தின வேகமே உங்கள் வரம்பு.

வேகத்தின் ஆசை ஏன் வருகிறது என்பதையும் கணக்காகவே பார்ப்போம். தீக்கும் தண்ணீருக்கும் 3 கி.மீ. என்று வையுங்கள். காலி வாளியோடு 60 நாட்டில் திரும்பினால் 97 விநாடி, 80 நாட்டில் 73 விநாடி. மிச்சம் 24 விநாடி. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் மணிக்கு 12 சுற்று, மொத்த மிச்சம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே. ஆக, மணிக்கு ஒரு வாளித் தண்ணீர் கூடுதல். அதையும் வேகமெடுக்கவும் குறைக்கவும் ஆகும் நேரம் தின்றுவிடும். தீக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு தற்காலிகத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தால் இதைவிடப் பல மடங்கு லாபம். ஆனால் தொட்டி வைப்பது தரைக்குழுவின் வேலை, வேகம் வைப்பது விமானியின் கை. அவசரத்தில் இரண்டாவதுதான் நடக்கிறது.

வால் ரோட்டரில் எது பட்டாலும் என்ன ஆகும்? மேலே சுற்றும் பெரிய ரோட்டர் உடலை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும், அதைத் தடுத்துப் பிடிப்பது வால் ரோட்டர். அது போனால் உடல் பம்பரமாகும். பவரை உடனே முற்றிலும் குறைத்து, இன்ஜின் துணையில்லாமல் இறங்குவதுதான் வழி. அதற்கு உயரம் வேண்டும், கீழே சமதளம் வேண்டும். தீயணைப்பில் இருப்பதோ தாழ்ந்த உயரம், சரிவு, புகை.

சரி, கயிற்றின் நீளம் என்ன? நேரடியாக வயிற்றுக் கொக்கியில் மாட்டும்போது, வாளியை முழுதாக நீட்டிப் பின்னால் இழுத்தாலும் அதன் கடைசி நுனி வால் ரோட்டரின் வட்டத்தை எட்டக் கூடாது. இது பேரம் பேச இடமில்லாத விதி. வாளியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் மொள்ள வசதியாக இருக்கும் என்று இடையில் ஒரு சிறு கயிறு சேர்ப்பார்கள். அங்கேதான் வினை. எட்டாத வாளி அந்தச் சிறு கயிற்றால் எட்டும் வாளியாகிவிடும். ஒன்று, மிகக் குட்டை. இல்லையென்றால் வாளி எழுந்தாலும் வாலுக்கு வெகு கீழேயே நின்றுவிடும் உண்மையான லாங்லைன், அதாவது நெடுங்கயிறு. நடுத்தர நீளம் வேண்டவே வேண்டாம். லாங்லைனில் வேறு தலைவலி உண்டு: விமானி சன்னல் வழியே தலையை நீட்டிக் கீழே பார்த்தபடி ஓட்டப் பழகியிருக்க வேண்டும், மரக்கிளையில் வாளி சிக்கும் அபாயமும் கூடும். பயிற்சி இல்லாதவரிடம் லாங்லைனைக் கொடுக்காதீர்கள்.

வாளி ஆட ஆரம்பித்துவிட்டால் மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். ஆட்டத்தைத் துரத்திக் கட்டுப்பாட்டுக் கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் அது கூடும். மூக்கைச் சட்டென்று தூக்கி பிரேக் போடாதீர்கள், மூக்கு ஏறும்போது வால் இறங்கும், வாளி இருக்கும் பக்கமே இறங்கும். பயந்துபோய் வேகத்தில் இருக்கும்போதே கொக்கியை விடுவிப்பதும் தப்பு. இழுவை அதிகம், எடை குறைவான பொருள் நேர் கீழே விழாது, பின்னால் எழுந்து போகும். பின்னால் இருப்பது வால். முதலில் வேகம் குறைய வேண்டும், பிறகே விடுவிப்பு.

கிளம்பும் முன் சோதனை பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கொட்டும் பட்டனை அழுத்திக் கன்ட்ரோல் ஹெட்டில் சத்தம் கேட்கிறதா பாருங்கள். கொக்கியை விடுவிக்கும் பட்டன் வேறு, கொட்டும் பட்டன் வேறு. பதற்றத்தில் மாற்றி அழுத்தி வாளியையே காட்டுக்குத் தானம் கொடுத்தவர்கள் உண்டு. இரண்டு பட்டனும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கு மூடி போடுங்கள். உலோகக் கயிறுகளில் மடிப்பு, பிரிந்த இழை இருக்கிறதா என்று கையுறை போட்டு உருவிப் பாருங்கள். மடித்து எடுத்த வாளியில் கயிறுகள் முறுக்கிக்கொண்டிருக்கும். முறுக்கோடு கிளம்பினால் வாளி வட்டமடிக்கும். வால்வை இழுக்கும் கயிறு நீண்டுவிட்டால் வால்வு சரியாக மூடாமல் ஒழுகும், குட்டையானால் முழுதாகத் திறக்காது. தண்ணீர் மெல்லிய கோடாகச் சொட்டிக்கொண்டே வந்தால் முதலில் அந்தக் கயிற்றையும் வால்வின் சுருக்குக் கயிற்றையும் பாருங்கள், துணி கிழிசலை அப்புறம் தேடலாம்.

பழுது பற்றி எங்கள் குறை ஒன்று. துணி நல்ல துணிதான், ஆனால் பாறைக் கரையில் இழுபட்டால் அடிப்பகுதி தேய்கிறது. ஒட்டுப் போடும் பெட்டி கூடவே இருக்கட்டும். கன்ட்ரோல் ஹெட்டுக்குள் மணல் போனால் பிடி சிக்கும், கலங்கல் குட்டையில் மொண்ட நாளெல்லாம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடல்நீரில் வேலை செய்தால் அலசுவது அன்றைக்கே, மறுநாள் அல்ல. ஈரத்தோடு பையில் அடைத்த வாளி பூஞ்சை பிடிக்கும், வெயிலில் கிடக்கும் வாளி வெளிறி விறைக்கும். சீசன் முடிந்து கோடவுனில் போட்டதை அடுத்த சீசனில் எலி கடித்த ஓட்டையோடு எடுப்பது ஒன்றும் அதிசயமல்ல.

வயிற்றோடு ஒட்டிய நிலையான தொட்டி, தண்ணீரை உறிஞ்சும் குழாய் என்ற மாற்றும் சந்தையில் உண்டு. அதில் தொங்குகயிறு என்ற பிரச்சினையே பெருமளவு இல்லை, ஊர் மேலே பறக்கவும் தோது. வருடம் முழுக்கத் தீயணைப்பே தொழில் என்றால் அதற்குப் போங்கள். மற்ற நாளில் சரக்கும் ஆளும் ஏற்றும் ஹெலிகாப்டருக்கு, பையில் மடிந்து கிடக்கும் இந்த வாளிக்கு நிகரில்லை. ஐந்துக்கு நான்கு தரலாம். ஒரு மதிப்பெண் குறைவதற்குக் காரணம், காலி வாளியின் ஆபத்து.

2024 பிப்ரவரி 14 அன்று, ஆஸ்கின் இறந்து சரியாக ஏழு ஆண்டு ஆன அதே தேதியில், போர்ட் ஹில்ஸில் மீண்டும் தீ பற்றியது. மறுபடி அதே குன்றுகளுக்கு மேல் வாளிகள் போயின, வந்தன.

வாளி வாங்கினதும் முதல் வேலையாக ஒரு டேப்பை எடுங்கள். கொக்கியிலிருந்து வால் ரோட்டர் வட்டத்தின் முன்விளிம்பு வரை ஓர் அளவு. கன்ட்ரோல் ஹெட்டிலிருந்து வால்வின் நுனி வரை, வாளியைத் தரையில் முழுதாக இழுத்து நீட்டி, இன்னோர் அளவு. இரண்டாவது முதலாவதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாளி அந்த ஹெலிகாப்டருக்கு இல்லை. குறைவாக இருந்தால் இரண்டு எண்ணையும், காலியாகத் திரும்பும் வேக வரம்பையும் அழியாத மையில் பையின் மேல் எழுதுங்கள், கொக்கியில் மாட்டுகிறவர் தினமும் கண்ணால் பார்க்கும் பக்கத்தில்.